அசையும் பொம்மை, அசையாச் சொத்து

தமிழ்நாட்டு நடுத்தர வர்க்க வீட்டு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், ஒரு ஷோகேஸ் இருக்கும். கண்ணாடிக் கதவு, சின்னதாக ஒரு பூட்டு. உள்ளே பளிங்கு தாஜ்மஹால், ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை, கல்யாணத்துக்கு வந்து இன்னும் பிரிக்காத டீ செட், அப்புறம் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த ஒரு ரோபோ பொம்மை. சாவி அம்மாவிடம். பொம்மைக்குச் சொந்தக்காரனான ஏழு வயதுப் பையன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். “கைல குடுத்தா ஒடைச்சிடுவான், வெல ஜாஸ்தி” என்பார்கள். விருந்தாளி வந்தால் கதவு திறக்கும். விருந்தாளி தொட்டுப் பார்க்கலாம். பையன் விருந்தாளியைப் பார்க்கலாம்.

திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் விமான நிலையத்துக்கு சிங்கப்பூரும் கோலாலம்பூரும் பக்கத்து ஊர் மாதிரி. ஒரு காலத்தில் கோடாலித் தைலம், டேப் ரெக்கார்டர், சென்ட் பாட்டில், கைலி என்று வந்திறங்கிய பெட்டிகளில் ஓர் ஓரமாக இந்த ரோபோக்களும் வந்தன. சொந்தக்காரர்கள் கொண்டு வந்தது வீட்டு ஷோகேஸுக்குப் போயிற்று. ‘குருவி’கள் கொண்டு வந்தது கடைக்குப் போயிற்று. இரண்டு இடத்திலும் கண்ணாடிதான்.

இன்று அந்தப் பையனுக்கு முப்பத்தைந்து, நாற்பது வயது. நல்ல சம்பளம். சிறு வயதில் தொட முடியாத ரோபோவை இப்போது சொந்தக் காசில் வாங்குகிறான். வாங்கி என்ன செய்கிறான்? பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறான். இப்போது சாவி மட்டும் இவனிடம். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

ட்ரான்ஸ்ஃபார்மர் என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது மின்வாரியம்தான். தெருமுனையில் நிற்கும், மழை தூறினால் ‘டமால்’ என்று உறுமும். இது அது இல்லை. லாரி ரோபோவாகும், ரோபோ மறுபடி லாரியாகும். விமானம் ஆளாகும், ஆள் விமானமாவான். எதையும் கழற்றாமல், ஒட்டாமல், மடக்கியும் திருப்பியும் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். செய்ய வேண்டியது பேட்டரி அல்ல, உங்கள் விரல்.

என் வயதுக்காரர்களுக்கு ஜப்பானிய ரோபோ அறிமுகமானது 80-களின் தூர்தர்ஷனில், ‘ஜெயன்ட் ரோபோ’ தொடரில். ஒரு பையன் கைக்கடிகாரத்தில் உத்தரவு போடுவான், மலை மாதிரி ஒரு ரோபோ பறந்து வரும். 1967-ல் ஜப்பானில் எடுத்த தொடர் அது. நம் வீட்டு டி.வி.க்கு வந்தபோது அதற்கு ஏறக்குறைய இருபது வயது. அடுத்த தலைமுறைக்கு 2000-களில் ஜெட்டிக்ஸ் சேனலில் தமிழ் பேசிய ‘பவர் ரேஞ்சர்ஸ்’. ஐந்து வாகனங்கள் கூடி ஒரு பெரிய ரோபோவாகும். அதற்கடுத்து 2007-ல் மைக்கேல் பே எடுத்த ‘ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படம். அதற்குப் பிறகு காந்தி மார்க்கெட் நடைபாதை வரைக்கும் எல்லாக் காரும் எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டது.

இதன் பூர்வீகம் ஜப்பான். டகாரா என்ற கம்பெனி 1980-ல் ‘டயாக்ளோன்’ என்று ஒரு வரிசையும், 1983-ல் ‘மைக்ரோ சேஞ்ச்’ என்று இன்னொன்றும் கொண்டு வந்தது. முதலாவதில் கார், லாரி, விமானம். இரண்டாவதில் வீட்டுச் சாமான்கள்: கேசட் பிளேயர், மைக்ராஸ்கோப், துப்பாக்கி. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இரண்டையும் வாங்கிக் கலந்து, 1984-ல் ‘ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்று பெயர் வைத்து விற்றது. ரோபோக்களுக்குப் பெயர், குணம், ஜாதகம் எல்லாம் எழுதிக் கொடுத்தது மார்வெல் காமிக்ஸ். பெரும்பாலான பெயர்களைச் சூட்டியவர் அங்கே ஆசிரியராக இருந்த பாப் புடியான்ஸ்கி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானியக் கதையில் இவை வெறும் இயந்திரங்கள். ஓட்டுவதற்குக் குட்டி மனிதர்கள் உண்டு. அமெரிக்கக் கதையில் ரோபோவே உயிருள்ள ஆசாமி, டிரைவர் கிடையாது. கதை மாறியதே தவிர அச்சு மாறவில்லை. அதனால் அந்தக் காலத்துச் சில கார் ரோபோக்களின் கதவைத் திறந்தால், உள்ளே யாரும் உட்காரப் போகாத ஒரு சீட் இன்றும் இருக்கும். நல்ல பொம்மை தன் பழைய கதையை மறப்பதில்லை.

சரி, எது நல்ல பொம்மை?

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், ஓட்டல் சாம்பாருக்கு எழுதுகிறோம். பொம்மைக்கு மட்டும் ‘அழகா இருக்கு’ என்பதோடு முடித்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்த அளவுகோல் பி.காம். வகுப்பில் படித்ததுதான். உருமாறும் பொம்மை என்பது ஒரு பேலன்ஸ் ஷீட். லாரிப் பக்கம் இருக்கிற ஒவ்வொரு பாகத்துக்கும் ரோபோப் பக்கம் ஒரு பற்று எழுதியிருக்க வேண்டும். லாரியின் முன்கண்ணாடி ரோபோவின் மார்பானால், கணக்கு நேர். பின்பக்கம் மடங்கி இரண்டு காலானால், நேர். ஆனால் கார் கூரை எங்கே போவதென்று தெரியாமல் ரோபோவின் முதுகில் மூட்டையாகத் தொங்கினால்? அது சஸ்பென்ஸ் அக்கவுன்ட். கணக்கு இடிக்கிறது, வித்தியாசத்தை ஒரு தலைப்பில் போட்டு மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதைவிட மோசம், காரை முழுசாக ஒரு சட்டை மாதிரி போட்டுக்கொண்டு உள்ளே தனியாக ஒரு ரோபோ இருப்பது. அது மாறுவதில்லை, போர்வையை விலக்குகிறது. அதற்கும் கீழே, கையைக் கழற்றி, தலையைக் கழற்றி, வேறு இடத்தில் செருகச் சொல்லும் ரகம். அதற்குப் பேர் உருமாற்றம் இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

இந்த அளவுகோலை வைத்தால் ஜாம்பவான்களும் தப்ப மாட்டார்கள். 1984-ன் ஆப்டிமஸ் பிரைம்தான் இந்த வர்க்கத்துக்கே தலைவர். நம் ஊர் லாரிகள் பலவற்றைப் போல மூக்கில்லாத, தட்டை முக லாரி. அப்படியே கொண்டுபோய் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கும் வரிசையில் நிறுத்தினால், பின்னால் வருபவன் ஹாரன் அடிப்பான், அவ்வளவுதான். கண்ணாடி மார்பாவதும் பின்பகுதி காலாவதும் பிரமாதம். ஆனால் இரண்டு முஷ்டிகளும் தனி உதிரிகள். லாரியாக்கும்போது கழற்றி வைக்க வேண்டும். அன்று பிரைம் வைத்திருந்த பல வீடுகளில் இன்று இருப்பது முஷ்டி இல்லாத பிரைம்தான். அப்புறம் அந்த நீள டிரெய்லர். ரோபோவின் உடம்பில் அது எங்குமே சேர்வதில்லை. பொம்மையில் அது தனியாகத் திறந்து போர்த்தளம் ஆகிறது. கார்ட்டூனில் ரோபோ எழுந்ததும் டிரெய்லர் மாயமாக மறைந்துவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். தணிக்கைக்குப் போன கணக்குப் புத்தகமாக இருந்தால் ஆடிட்டர் கேட்டிருப்பார்.

கணக்கு சரியாக டாலி ஆவதற்கு உதாரணம் சொல்ல வேண்டுமானால், ‘மேக்ராஸ்’ தொடரின் வால்கிரி விமானத்தைச் சொல்வேன். 1982-ல் வந்தது. வடிவமைத்தவர் ஷோஜி கவாமோரி, அப்போது வயது இருபத்திரண்டு. போர் விமானத்தின் எஞ்சின்கள் கீழிறங்கிக் கால்களாகும், மூக்குப் பகுதி மடிந்து மார்பாகும். கவாமோரி இந்த மாதிரி உருமாற்றங்களைக் காகிதத்தில் வரைவதோடு நிற்காமல் லெகோ கட்டைகளை வைத்துக் கட்டிப் பார்ப்பவர். கை ஒப்புக்கொண்டால்தான் கண் ஒப்புக்கொள்ளும். வால்கிரியின் பெரிய விஷயம், அதற்கு மூன்று உருவம். விமானம், ரோபோ, இரண்டுக்கும் நடுவில் கால் முளைத்த விமானம். மற்றவர்கள் எல்லாம் அவசர அவசரமாகத் தாண்டிப் போகிற பாதி வழியையே ஓர் உருவமாக ஆக்கினார் கவாமோரி. (அதே பொம்மையைத்தான் ஹாஸ்ப்ரோ 1985-ல் ‘ஜெட்ஃபயர்’ என்று பெயர் மாற்றி விற்றது.)

பொம்மையின் உயிர் அந்த நடுவழியில்தான் இருக்கிறது. லாரி மட்டும் வேண்டுமென்றால் இதைவிட நல்ல லாரி பொம்மை கிடைக்கும். ரோபோ மட்டும் வேண்டுமென்றால் இதைவிட அழகான ரோபோ கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே, லாரியும் இல்லாமல் ரோபோவும் இல்லாமல், கையில் ஒரு குழப்பமாக இருக்குமே... அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அதைக் கண்ணாடிக்குள் வைத்தால் வாங்கியதே வீண். நாதஸ்வரத்தை வாங்கிச் சுவரில் மாட்டி, சீவாளியைப் பிரிக்காமல் வைத்திருக்கிற மாதிரி.

சினிமா இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றுகிறது. 2007 படத்தின் ஆப்டிமஸ் பிரைமுக்குக் கம்ப்யூட்டரில் பத்தாயிரத்துக்கு மேல் பாகங்கள். சரசரவென்று ஆயிரம் தகடு புரள்கிறது. எது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. நம்ம ‘எந்திரன்’ (2010) இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நூற்றுக்கணக்கான சிட்டிகள் சேர்ந்து உருண்டையாகும், பாம்பாகும், விஸ்வரூபம் எடுக்கும். தியேட்டரில் விசிலடித்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் திரையில் எதுவும் எதுவாகவும் ஆகலாம், அங்கே கீல் தேய்வதில்லை. பொம்மையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கீல், ஒரு ஆணி, ஒரு பள்ளம் வேண்டும். கஷ்டமான கலை எது, சொல்லுங்கள்?

காந்தி மார்க்கெட் பக்கம் போயிருந்தபோது, காய்கறிக் கடைகளைத் தாண்டி நடைபாதையில் ஒரு தார்ப்பாய். பிளாஸ்டிக் மக்கு, வடிகட்டி, சீப்பு, அதற்கு நடுவே சிவப்பும் நீலமுமாக நாலைந்து ரோபோ. ஜப்பான் தகப்பனுக்குத் தெரியாத சைனாப் பிள்ளைகள். பெட்டியில் பெயர்கூட எழுத்துப் பிழையோடு.

“என்ன விலைண்ணே?”

“நூத்தம்பது சார். காருன்னா காரு, ரோபோன்னா ரோபோ.”

கையில் எடுத்துத் தோளைத் திருப்பினேன். ‘டொக்’ என்று கை கழன்று வந்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர் பதறவில்லை. வாங்கி ஒரே அழுத்து, ‘டிக்’. கை பழைய இடத்தில்.

“கழண்டு வந்தா நல்ல மாடல் சார். கழலாததுதான் ஒடைஞ்சிடும்.”

நான் எவ்வளவோ பக்கம் எழுதிச் சொல்ல நினைத்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அவர் சொன்னதன் தொழில்நுட்பம் இது. பொம்மை மூட்டுகளில் முக்கியமாக மூன்று வகை. உருண்டையும் குழியுமாக இருப்பது ஒன்று. அழுத்தினால் கழன்று வரும், திரும்பப் பொருத்தலாம். குழந்தை கைக்கு ஏற்றது. உலோக ஆணி கோத்தது இரண்டாவது. உறுதி, ஆனால் தப்பான பக்கம் முறுக்கினால் ஆணியைச் சுற்றி பிளாஸ்டிக் வெள்ளையாகும். அந்த வெளுப்பு எச்சரிக்கை, அடுத்த முறை முறியும். மூன்றாவது, பற்சக்கரம் வைத்து ‘கடக் கடக்’ என்று படிப்படியாக நிற்பது. கனமான ரோபோ சாயாமல் நிற்பது இதனால்தான். நல்ல வடிவமைப்பாளர் எந்த இடத்துக்கு எந்த மூட்டு என்று யோசித்துப் போடுவார். நடைபாதைக்காரர் அதை விற்றே கற்றுக்கொண்டிருக்கிறார்.

“மறுபடி கார் ஆவுமாண்ணே?”

“ஆவும் சார்... பொறுமை இருந்தா.”

வாங்கவில்லை. ஓரங்களைத் தடவிப் பார்த்தால் பிளேடு மாதிரி இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெய்க்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் ஒரு வாடை. முத்திரை எதுவும் இல்லை. இங்கேதான் நான் மலிவு பொம்மைக்காக வாதாடுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

2007-ல் சைனாவில் செய்த பொம்மைகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதென்று மாட்டெல் கம்பெனியே லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சின்னக் குழந்தைகள் பொம்மையை வாயில்தான் முதலில் விமர்சனம் செய்வார்கள். 2009 ஜனவரியில் இந்தியா சைனா பொம்மைகளுக்கு ஆறு மாதத் தடை போட்டது, பிறகு தரச்சான்று இருந்தால் வரலாம் என்று தளர்த்தியது. 2020-ல் இறக்குமதி வரியை 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து, பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டில் செய்ததானாலும் அந்தத் தொழிற்சாலை இங்கே உரிமம் வாங்க வேண்டும்.

குழந்தையின் உடம்புக்கு இது நல்ல சட்டம். சந்தேகமே இல்லை. ஆனால் சட்டத்தின் இன்னொரு பக்கத்தையும் வணிகவியல் படித்தவன் பார்க்காமல் இருக்க முடியாது. வரி ஏறினால் விலை ஏறும். விலை ஏறினால் அசல் பொம்மை ஷோகேஸுக்குள் இன்னும் ஓர் அடி பின்னால் போகும். ஒரு பக்கம் கையில் எடுத்தால் கிழிக்கும் நூத்தம்பது ரூபாய் ரோபோ. இன்னொரு பக்கம் கையில் எடுக்கவே விடாத ஐயாயிரம் ரூபாய் ரோபோ. நடுவில் பையனின் கை சும்மா இருக்கிறது. செல்போனை எடுத்துக்கொள்கிறது. அப்புறம் ‘எந்நேரமும் போன்’ என்று அவனைத் திட்டுகிறோம்.

நடு விலையில், முத்திரையோடு, இங்கேயே செய்தால் என்ன? செய்யத் தெரியாதவர்கள் இல்லை நாம். சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அதே ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் ஆரம்பித்ததுதான் ஃபன்ஸ்கூல். அவர்கள் இங்கே வார்த்த ஜி.ஐ. ஜோ சிப்பாய் பொம்மைகளை, வேறெங்கும் இல்லாத அவற்றின் விநோத வர்ணங்களுக்காகவே வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். ஆனால் உருமாறும் பொம்மை சிப்பாய் பொம்மை மாதிரி இல்லை. டஜன் கணக்கில் பாகம், ஒவ்வொன்றுக்கும் எஃகு அச்சு. ஒரு பாகம் இம்மி தடித்தாலும் லாரி மூடாது, இம்மி குறைந்தாலும் கை தொளதொளக்கும். அச்சுக்கு முதலில் கொட்டும் பணம் லட்சக்கணக்கில் விற்றால்தான் திரும்பும். அதற்குப் பொம்மை மட்டும் போதாது, அதை விற்றுக் கொடுக்க ஒரு கதை வேண்டும். ஜப்பான்காரனிடம் தொடர் இருந்தது, அமெரிக்காக்காரனிடம் காமிக்ஸ் இருந்தது. நம்மிடம் சிட்டி இருந்தான். படம் வந்த வருஷம் கடைக்கு வந்திருக்க வேண்டிய உருமாறும் சிட்டியை நான் எங்கும் பார்த்ததில்லை.

கை நுணுக்கம் இல்லாத ஊரா இது? கடுகளவு செயற்கைக் கல்லில் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்த ஊர் திருச்சி. மெஷின் பட்டை போட்ட கல் சைனாவிலிருந்து வந்ததும் அந்தத் தொழில் சுருங்கிப்போயிற்று. கைவேலையைத் தோற்கடித்த அதே நாடுதான் இன்று நம் பையனின் கைக்கும் வேலை கொடுக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்வதா, வருத்தமாகச் சொல்வதா தெரியவில்லை.

இப்போது சேகரிப்பாளர்களிடம் வருகிறேன்.

இவர்களில் இரண்டு சாதி. வாங்கியதும் பெட்டியைக் கிழிப்பவர்கள், கிழிக்காதவர்கள். கிழிக்காதவர்களின் வாதம் எளிது. சீல் உடையாத பெட்டிக்கு மறுவிலை அதிகம். உண்மைதான். ஆனால் அப்படியானால் அவர்கள் சேர்ப்பது பொம்மை அல்ல, அட்டைப் பெட்டி. அசைவதற்காகவே பிறந்த ஒன்றை அசையாச் சொத்தாகப் பத்திரம் எழுதிவிட்டார்கள்.

சரி, முதலீடு என்றே வைத்துக்கொள்வோம். முதலீடாகவாவது உருப்படியா? பிளாஸ்டிக் சும்மா இருந்தாலும் கிழடாகும். வெள்ளை, மஞ்சளாகும். ரப்பர் சக்கரத்தில் இருக்கும் ரசாயனம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கைத் தின்னும். ஸ்டிக்கர் உரியும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயம் உண்டு. 80-களின் கடைசியிலும் 90-களிலும் தங்க நிறப் பொடி கலந்து வார்த்த சில பொம்மைகளின் பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளேயே நொறுங்கிப்போகிறது. பார்க்கப் பளபளவென்று இருக்கும். முப்பது வருஷம் பெட்டியில் பத்திரமாக வைத்து, ஒரு நாள் ஆசையாகப் பிரித்துக் கையைத் திருப்பினால் பிஸ்கட் மாதிரி உதிரும். இதற்கு சேகரிப்பாளர்கள் ஒரு வியாதிப் பெயரே வைத்திருக்கிறார்கள், ‘கோல்டு பிளாஸ்டிக் சிண்ட்ரோம்’. பெட்டியில் வைத்ததால் அது பிழைக்கவில்லை. விளையாடப்படாமல் செத்தது, அவ்வளவே. பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் இல்லை என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கிடையாது. உபயோகித்தால் தேய்மானத்துக்காவது ஓர் அர்த்தம் இருக்கும்.

கிழிப்பவர்கள் சாதியில் எனக்குப் பிடித்தவர்கள் ‘கன்பிளா’க்காரர்கள். ‘கண்டம்’ (நம் ஊர் கண்டம் இல்லை, ராசிபலனைப் புரட்ட வேண்டாம்) என்பது 1979-ல் வந்த ஜப்பானியத் தொடர். ஒளிபரப்பில் சரியாகப் போகாமல் 43 வாரத்தில் முடித்துக்கொண்டார்கள். 1980 ஜூலையில் பண்டாய் கம்பெனி அதன் ரோபோவைப் பாகம் பாகமாகத் தட்டில் வார்த்து, 300 யென்னுக்கு ‘நீயே கோத்துக்கொள்’ என்று விற்றது. கதைக்கு மறு உயிர் வந்தது. இன்றுவரை விற்கிறது. காரணம், அதைப் பெட்டியில் வைத்துக் கும்பிட முடியாது. கோக்காவிட்டால் ரோபோவே இல்லை. அதற்கு முன்பே, 1974-ல் வந்த மாசிங்கர் ‘சோகோகின்’ பொம்மையின் ரகசியமும் கைதான். வார்த்த உலோகம். கையில் எடுத்தால் கனக்கும். ‘அதிசய உலோகம்’ என்று கதையில் சொன்னதைப் பையனின் உள்ளங்கை நம்பியது.

‘சேகரிப்பு என்றால் பத்திரப்படுத்துவதுதானே, எல்லாரும் விளையாடித் தீர்த்தால் அடுத்த தலைமுறைக்கு என்ன மிஞ்சும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் ஸ்ரீரங்கத்து வீடுகளின் பரணில் இருக்கிறது.

நவராத்திரிக் கொலுவைவிடப் பழைய, பெரிய பொம்மைச் சேகரிப்பு நம்மிடம் வேறு எது? பாட்டி கல்யாணத்துக்கு வந்த மரப்பாச்சி ஜோடி பேத்தி கல்யாணம் வரைக்கும் இருக்கிறது. எப்படி? வருஷத்துக்கு ஒரு முறை பரணிலிருந்து இறக்கி, பழைய வேட்டித் துணியைப் பிரித்து, தூசி தட்டி, மூக்கு உடைந்த செட்டியார் பொம்மைக்கு வர்ணம் தொட்டு, படியில் நிறுத்துகிறார்கள். மரப்பாச்சிக்குப் புதுத் துணி கட்டுவது வீட்டுப் பெண் குழந்தைகள். கீழே பார்க் கட்டுவது பையன்கள். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுபடி துணி சுற்றிப் பரண். வருஷா வருஷம் இத்தனை கை பட்டும் பிழைத்திருக்கிறது. கை பட்டதால்தான் பிழைத்திருக்கிறது. எந்தப் பொம்மைக்கு விரிசல், எதை எங்கே பிடித்துத் தூக்கணும் என்பது வீட்டில் எல்லார் விரலுக்கும் தெரியும். பத்திரம் என்பது பூட்டில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. ஒரு வீட்டுக் கொலு பார்க்கில் செட்டியார் அரிசி பருப்புக் கடைக்குப் பக்கத்தில் ஒரு ஆப்டிமஸ் பிரைம் காவல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். லோடு இறக்க லாரி வேண்டாமா?

ஆகவே, ரோபோவுக்கும் கொலு முறையைச் சிபாரிசு செய்கிறேன். வாங்கும்போது: ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். ஓரத்தை விரலால் தடவுங்கள், மோந்து பாருங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் கழன்று விழும் சின்னப் பாகங்கள் வேண்டாம். பெட்டிப் படத்தில் ரோபோவின் முதுகைத் தேடுங்கள். முன்பக்கம் மட்டுமே காட்டினால் மூட்டை பின்னால் இருக்கிறது. எத்தனை விசேஷம் என்று கேட்காமல், எத்தனை பாகம் கழற்ற வேண்டும் என்று கேளுங்கள். ‘ஒன்றுமில்லை’ என்றால் வாங்கலாம்.

வாங்கிய பிறகு: முதல் தடவை நீங்களும் பையனும் சேர்ந்து, காகிதத்தைப் பார்த்து மாற்றுங்கள். மக்கர் செய்தால் முறுக்காதீர்கள், ஒரு படி பின்னால் போங்கள், எதையோ தாண்டி வந்திருப்பீர்கள். ரோபோவாக்கிய வரிசையைத் தலைகீழாகப் போனால் லாரி. உருண்டை மூட்டு தொளதொளத்தால் நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிசாகத் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு பொருத்துங்கள், பிடித்துக்கொள்ளும். வெயில் படும் ஜன்னலில் வேண்டாம். தூசிக்குப் பழைய பெயின்ட் பிரஷ் போதும். பெரியவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்து வாங்கிய உயர்ரக ரோபோவானால், மாதம் ஒரு தடவையாவது மாற்றுங்கள். பொம்மைக்கு நல்லதோ என்னவோ, உங்களுக்கு நல்லது.

ஒரு நாள் உடையும். உடையட்டும். ஏழு வயதில் ஒரு பொம்மையை எவ்வளவு அழுத்தினால் மடங்கும், எவ்வளவு அழுத்தினால் முறியும் என்று தெரிந்துகொண்ட கை, பிற்காலத்தில் ஸ்குரூ டிரைவரைப் பிடிக்கும், ஊசி போடும், வீணை வாசிக்கும், இல்லை காந்தி மார்க்கெட்டில் தக்காளியை நசுக்காமல் பொறுக்கும். ஷோகேஸுக்கு வெளியே நின்ற கை இதில் எதையும் கற்றிருக்காது.

பூட்டு வேண்டுமானால் டீ செட்டுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைத்தான் யாரும் எடுக்கப் போவதில்லை.